இரு முறை வந்த அரைமணி

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி, நள்ளிரவு கழிந்து 12.30 ஆனதும், இலங்கையின் அரசாங்க நேரம் மீண்டும் 12 மணிக்குத் திருப்பப்பட்டது. ஆகவே அவ்வரைமணி இரு முறை வந்தது. முதன்முறை 12.20க்கு எழுதிய பக்கத்தை மறுமுறை 12.10க்குத் திருத்தியிருந்தால், எது புதியது? சுவர்க்கடிகாரத்தை நம்பினால் ஏமாறுவோம்.

இணையச் சேவையகம் ஏமாறாது. எந்நாட்டிலிருப்பினும், பக்கம் திருத்தப்பட்ட நேரத்தைக் கிரீன்விச் கணக்கிலேயே அறிவித்தல் அதன் விதி. அதுகாறும் கிரீன்விச்சுக்கு 6 மணி முந்தியிருந்தோம். பின்னர் 5½ மணி. எனவே முதலாவது, முந்திய நாள் 18.20, அடுத்தது 18.40. ஐயம் தீர்ந்தது!

கடல் கடந்த மக்களுக்கு நேரங் குறித்து மடல் எழுதும் பெற்றோரே, எவ்வூர் நேரமென்பதையுஞ் சேர்த்தெழுதுங்கள். நாம் காலையென்பது அவர்களுக்கு நள்ளிரவாகலாம்.