மறக்காமலும் பேசலாம்

என் இளைய மகள் பெர்லினில் மேற்படிப்புப் படிக்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, "அப்பா, நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில், நடைபாதையிலேயே, உள்ளங்கை அளவில் நான்கு பித்தளைத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். தினமும் அவற்றைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். இன்றைக்குத்தான் நின்று படித்துப் பார்த்தேன்" என்றாள். அந்த வீட்டில் வாழ்ந்த ஒரு யூதக் குடும்பத்தாரின் பெயர்கள், பிறந்த ஆண்டு, பிடித்துச் செல்லப்பட்ட ஆண்டு, கொல்லப்பட்ட இடம் எல்லாம் அவற்றில் இருந்தனவாம். நான்கில் ஒன்று ஆறு வயதுக் குழந்தையுடையது. குன்டர் டெம்னிக் என்ற ஜெர்மானியக் கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை இது. 2023க்குள் பல ஐரோப்பிய நாடுகளில் ஒரு லட்சம் கற்கள் இப்படிப் பதிக்கப்பட்டுவிட்டன.

இதை நம் சங்க நூலகத்தில் ஒரு நண்பரிடம் சொன்னேன். "எண்பது வருஷம் ஆகிவிட்டது சார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இன்னும் எத்தனை நாளைக்குக் கிளறிக்கொண்டிருப்பார்கள்? மறந்துவிட்டு ஆகவேண்டியதைப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர்; நம்மில் பலர் நினைப்பதைத்தான் சொன்னார். அப்போது எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மானியரும் இஸ்ரேலியரும் மறந்துவிட்டுப் பேசத் தொடங்கியவர்கள் அல்லர். மறக்காமலேயே பேசத் தொடங்கியவர்கள். அதுதான் அவர்கள் கதையில் நாம் கவனிக்கவேண்டியது.

ஹிட்லர் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். போர் முடிந்து ஏழே ஆண்டுகளில், 1952 ஜனவரியில், ஜெர்மனியிடமிருந்து இழப்பீடு வாங்குவது குறித்துப் பேசலாமா என்ற கேள்வி இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. புதிய நாடு, லட்சக்கணக்கில் அகதிகள், உணவுக்கே பங்கீடு. பிரதமர் பென்குரியன் வாங்கலாம் என்றார். எதிர்க்கட்சித் தலைவர் மெனாகம் பெகின், இது இரத்தத்துக்கு விலை பேசுவது என்று கொதித்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின்மீது கல் பறந்தது. கடைசியில் 61க்கு 50 என்ற வாக்கில்தான் முடிவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி லக்ஸம்பர்க் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் தருவதாக ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி கப்பலாகவும் இயந்திரமாகவும் பல ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தது.

பென்குரியன் செய்தது சரியா, பெகின் சொன்னது சரியா? இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. பணம் வாங்கியது வீடு கட்ட. மன்னிப்புக்கு ரசீது கொடுக்க அல்ல. அந்த வேறுபாட்டை மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் தெருவில் நின்று எதிர்த்தவர்கள்தாம்.

இரு நாடுகளும் தூதர்களை அனுப்பிக்கொள்ள 1965 வரை ஆயிற்று. ஜெர்மனி முதல் தூதராக அனுப்பிய ரோல்ஃப் பவுல்ஸ், ஹிட்லர் காலத்து இராணுவத்தில் போரிட்டு ஒரு கையை இழந்தவர். அவர் வந்திறங்கியபோது ஜெருசலேமில் பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆனாலும் அவர் ஊர் திரும்பிவிடவில்லை. மூன்று ஆண்டுகள் இருந்து பணியாற்றினார். அதற்கு முன்பே, 1961இலிருந்து, ஜெர்மானிய இளைஞர்கள் தன்னார்வலர்களாக இஸ்ரேலுக்குச் செல்லத் தொடங்கியிருந்தார்கள். 1958இல் லோதர் கிரைஸிக் என்பவரின் முயற்சியால் உருவான அமைப்பு அவர்களை அனுப்பியது. அப்படிப் போனவர்களின் வேலை பிரசங்கம் செய்வதல்ல. உடலுழைப்பும் முதியோர் பணிவிடையும்.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மன் குடியரசுத் தலைவர் யோகன்னஸ் ராவ் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் ஜெர்மன் மொழியிலேயே பேசி, தம் நாட்டார் செய்த கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேட்டார். அந்த மொழியைக் கேட்கவே மாட்டோம் என்று சில உறுப்பினர்கள் அவைக்கு வரவில்லை. வராதவர்களை யாரும் குறை சொல்லமுடியாது. முகாம்களில் அதட்டலாகக் கேட்ட மொழியல்லவா?

நம் மும்பையில் பிறந்த சுபின் மேத்தாவுக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து தப்பிவந்த யூதக் கலைஞர்களைக் கொண்டு 1936இல் உருவான இசைக்குழு, 1938இல் ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதை அடுத்து, ஹிட்லருக்குப் பிடித்தமான வாக்னரின் இசையை நிறுத்திவிட்டது. அந்தக் குழுவின் நடத்துநராக இருந்த மேத்தா, 1981இல் டெல் அவிவ் நகரில் நிகழ்ச்சியின் முடிவில் வாக்னரை இசைக்கப்போவதாகவும், விரும்பாதவர்கள் போகலாம் என்றும் அறிவித்தார். அரங்கில் கூச்சல் எழுந்தது. ஒருவர் மேடையருகே வந்து சட்டையைத் திறந்து தம் தழும்புகளைக் காட்டினார்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2001 ஜூலையில், டேனியல் பாரன்பாய்ம் ஜெருசலேமில் ஒரு பெர்லின் இசைக்குழுவுடன் அதே முயற்சி செய்தார். நிகழ்ச்சி முடிந்ததும் அவையோரைப் பார்த்து, கேட்க விருப்பமா என்று கேட்டார். அரைமணி நேரம் அரங்கமே சண்டை போட்டது. சிலர் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினார்கள். மற்றவர்கள் இருந்து கேட்டார்கள். என்னைக் கேட்டால், அன்று நடந்த உரையாடல் அந்த இசை அல்ல. அந்த அரைமணி நேரச் சண்டைதான். எதிர்த்தவர் வாயை யாரும் அடைக்கவில்லை. கேட்க வந்தவர் காதையும் யாரும் பொத்தவில்லை.

இன்றைக்கு அந்த உரையாடலுக்குப் பெரிய சோதனை வந்திருக்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து காசாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரம் பாலஸ்தீனர்கள், அவர்களில் ஏராளமான குழந்தைகள், உயிரிழந்தார்கள். 2008இல் ஜெர்மன் பிரதமர் மெர்கல், இஸ்ரேலின் பாதுகாப்பு தம் நாட்டின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று என்று அந்த நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருந்தார். அதே ஜெர்மனி 2025 ஆகஸ்டில், காசாவில் பயன்படக்கூடிய ஆயுதங்களின் ஏற்றுமதி அனுமதியை நிறுத்தியது; நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. இரண்டு முடிவுகளுக்கும் எதிர்ப்பு இருந்தது.

பாட்டன் செய்த பாவத்துக்காகப் பேரன் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒரு கட்சி. இஸ்ரேலின் தவறைச் சுட்டிக்காட்டி, "நீ மட்டும் என்ன யோக்கியம்?" என்று பழைய கணக்கை நேர்செய்துகொள்ளப் பார்ப்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. முன்னது கடனைக் காட்டி வாயை மூடிக்கொள்வது. பின்னது கடனையே இல்லையென்பது. மறக்காதவன்தான் பேசும் தகுதி உள்ளவன். ஆனால் பேசவேண்டியதை அவன் பேசத்தான் வேண்டும். காசாவில் இறந்த குழந்தைக்கும் ஒரு பெயரும் பிறந்த ஆண்டும் உண்டு. பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்ட இஸ்ரேலியருக்கும் உண்டு. மாண்டவர்களை எண்ணிக்கையாக விட்டுவிடாமல் பெயர் பெயராக எழுத வேண்டும் என்பதை அந்தப் பித்தளைத் தகடுகள் சொல்லித்தருகின்றன. அந்தப் பாடம் ஒரு சாராருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

அடித்தவன் மறந்துவிடுவான், அடிபட்டவன் மறக்கமாட்டான் என்று நம் ஊரில் சொல்வார்கள். அடித்தவனின் பேரப்பிள்ளைகள் மறக்காமல் இருக்க முயன்றதால்தான், அடிபட்டவனின் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பேச வந்தார்கள். நூலக நண்பருக்கு என் பதில் இதுதான்: மறக்கச் சொல்வது எளிது, ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை நமக்கில்லை.

என் மகள் இப்போதெல்லாம் அந்தத் தகடுகளை மிதிக்காமல் சுற்றிப் போகிறாளாம். வாரம் ஒருமுறை துணியால் துடைத்து வைக்கும் ஒரு முதிய ஜெர்மானிய அம்மாளோடு சிநேகமாகிவிட்டாள். அடுத்த வாரம் தானும் துடைக்கப்போவதாகச் சொன்னாள். செய் அம்மா என்றேன்.