மணலில் கிடைத்த சமவாய்ப்பு நிலைக்குமா? கடற்கரைக் கால்பந்தில் தீவு நாடுகள்: ஓர் அலசல்

புதுதில்லி: பிரேசிலில் 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைபெற்ற கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை கால்பந்துப் போட்டியில், பசிபிக் தீவான டஹிட்டியின் அணி மூன்று ஆட்டங்களில் 24 கோல்களை வாங்கியது. நைஜீரியாவிடம் 1-6, ஸ்பெயினிடம் 0-10, உருகுவேயிடம் 0-8 எனத் தோற்று நாடு திரும்பியது. அந்த அணியில் தொழில்முறை வீரர் ஒருவர் மட்டுமே இருந்தார்.

அடுத்த மூன்றே மாதங்களில், டஹிட்டியின் மற்றோர் அணி வேறொரு களத்தில் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. தலைநகர் பப்பீட்டேயில் நடைபெற்ற கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பையில் அந்த அணி அரையிறுதி வரை முன்னேறியது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலுடன் 7-7 எனச் சமநிலை கண்டு, பெனால்டி வாய்ப்பில்தான் தோற்றது.

பிரெஞ்சு பாலினேசியாவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 2.8 லட்சம். புல்தரையில் 24 கோல்களை வாங்கிய ஒரு தீவு, மணற்பரப்பில் உலகின் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தது எவ்வாறு? அந்த வாய்ப்பு மற்ற தீவு நாடுகளுக்கும் கிட்டுமா? 2025-ஆம் ஆண்டு மே மாதம் இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸ் இதே உலகக் கோப்பையை நடத்தி முடித்துள்ள நிலையில், இக்கேள்விகள் மீண்டும் எழுந்துள்ளன.

மணல் மாற்றும் கணக்கு

கடற்கரைக் கால்பந்தின் விதிகளே சிறிய நாடுகளுக்கு ஓரளவு சாதகமானவை. ஓர் அணியில் கோல்கீப்பர் உள்பட ஐந்து பேர் மட்டுமே களத்தில் இருப்பர். மாற்று வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். தலா 12 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். வீரர்கள் வெறுங்காலுடன் ஆட வேண்டும். உலகக் கோப்பைக்கு 12 பேர் கொண்ட அணி போதுமானது.

ஆடுகளத்தின் நீளம் 35 முதல் 37 மீட்டர், அகலம் 26 முதல் 28 மீட்டர். மணல் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருக்க வேண்டும். இத்தகைய பரப்பில் பந்து நேராக உருளாது; எத்திசையில் எழும் என்பதையும் கணிக்க இயலாது. எனவே பந்தைத் தரையில் வைத்து நகர்த்தும் புல்தரை உத்திகள் இங்கு எடுபடுவதில்லை. பந்தைக் காற்றிலேயே வைத்திருந்து, மார்பாலும் தலையாலும் கடத்தி, தலைக்கு மேலாகப் பின்புறம் உதைக்கும் 'பைசைக்கிள் கிக்' வரை பயன்படுத்தும் ஆற்றலே வெற்றியைத் தீர்மானிக்கிறது. களம் சிறியது என்பதால் ஏறத்தாழ எந்த இடத்திலிருந்தும் கோலை நோக்கி உதைக்கலாம். ஃப்ரீ கிக்கின்போது தடுப்புச் சுவர் அமைக்கவும் அனுமதியில்லை.

பெரிய நாடுகள் பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய கழக அமைப்பு, பயிற்சிக்கூடங்கள், புல்தரை மைதானங்கள் ஆகியவற்றின் அனுகூலம் இங்கு கணிசமாகக் குறைந்துவிடுகிறது. மணலில் பழகிய ஒரு டஜன் வீரர்களும் அவர்களை ஒன்றாக வைத்திருக்கும் பயிற்சித் திட்டமும் இருந்தால், ஒரு சிறு தீவும் வல்லரசு அணிகளுடன் மோதலாம்.

தீவுகளுக்குள் நடக்கும் போட்டி

பசிபிக் தீவு நாடுகள் தங்களுக்குள் மோதும் ஓசியானியா கடற்கரைக் கால்பந்துத் தொடர் 2006-ஆம் ஆண்டு தொடங்கியது. உலகக் கோப்பைக்கு ஓசியானியாவிலிருந்து ஓர் அணி மட்டுமே தகுதி பெறும் என்பதால், இத்தொடரில் இரண்டாம் இடம் பெற்றாலும் பயனில்லை.

தொடக்க ஆண்டுகளில் சாலமன் தீவுகள் ஆதிக்கம் செலுத்தியது. 'பிலிகிகி பாய்ஸ்' என்று அழைக்கப்படும் அந்த அணி, 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு உலகக் கோப்பைகளில் பங்கேற்றது. 2011-இல் டஹிட்டி அந்த இடத்தைக் கைப்பற்றியது. 2013-இல் டஹிட்டி போட்டியை நடத்தும் நாடாக நேரடியாகத் தகுதி பெற்றதால், ஓசியானியாவுக்கான இடம் சாலமன் தீவுகளுக்குக் கிடைத்தது. ஒரே உலகக் கோப்பையில் இரு பசிபிக் அணிகள் இடம்பெற்றன.

அதன் பின்னர், 2013-க்கும் 2019-க்கும் இடையே ஓசியானியா தொடர் நடைபெறவே இல்லை. 2015, 2017 உலகக் கோப்பைகளுக்கு டஹிட்டி தகுதிச் சுற்றின்றி அனுப்பப்பட்டது. கரோனா பெருந்தொற்று காரணமாக 2021-க்கான தகுதிச் சுற்றும் நடைபெறாததால், அப்போதும் டஹிட்டியே தேர்வு செய்யப்பட்டது.

களத்தில் டஹிட்டி அந்தத் தேர்வை நியாயப்படுத்தியது என்பதை மறுப்பதற்கில்லை. 2015-இல் போர்ச்சுகலின் எஸ்பின்யோ நகரில் இறுதி ஆட்டம் வரை சென்று 3-5 என்ற கணக்கில் போர்ச்சுகலிடம் தோற்றது. 2017-இல் பஹாமாஸில் மீண்டும் இறுதிக்கு முன்னேறி பிரேசிலிடம் 0-6 எனத் தோற்றது. அடுத்தடுத்து இரு முறை உலகின் இரண்டாம் இடம் என்பது எந்த நாட்டுக்கும் பெரும் சாதனையே. ஆனால், அதே ஆறு ஆண்டுகளில் சாலமன் தீவுகளின் ஒரு தலைமுறை வீரர்களுக்குத் தங்கள் தகுதியை நிரூபிக்க மேடையே கிடைக்கவில்லை.

தொடரை நடத்துவதில் உள்ள சிரமங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவுக்கும் பப்பீட்டேக்கும் இடையிலான தொலைவு 5,000 கிலோமீட்டருக்கும் அதிகம். 12 வீரர்களை ஆட வைப்பதற்கு ஆகும் செலவைவிட அவர்களை அழைத்துச் செல்வதற்கு ஆகும் செலவே பெரிது. மணல் குறைத்த ஏற்றத்தாழ்வைக் கடல் மீண்டும் கொண்டுவந்துவிடுகிறது.

கடற்கரையே இல்லாத நாடுகள்

கடல் சூழ்ந்த நாடு என்பதாலேயே கடற்கரைக் கால்பந்தில் சிறந்துவிடலாம் என்ற கருத்து பரவலாக உள்ளது. உலகக் கோப்பை முடிவுகள் அதற்கு நேர்மாறாக உள்ளன.

செஷல்ஸில் 2025-இல் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் பிரேசிலை எதிர்கொண்ட அணி பெலாரஸ். 3-4 என்ற கணக்கில் ஒரு கோல் வித்தியாசத்தில் மட்டுமே தோற்ற அந்த நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது. 2009-இல் இரண்டாம் இடம் பெற்ற சுவிட்சர்லாந்துக்கும் கடல் எல்லை இல்லை. 2019-இல் உலகக் கோப்பையை நடத்திய பராகுவேயும் நிலம் சூழ்ந்த நாடே.

இந்நாடுகளிடம் இருந்தவை செயற்கையாக அமைக்கப்பட்ட மணற்களங்களும், ஆண்டுதோறும் ஆடக் கிடைத்த ஆட்டங்களும்தான். டஹிட்டியின் எழுச்சியும் இதே பாதையில் வந்ததே. 2013 போட்டிக்காக சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஏஞ்சலோ ஷிரின்ஸி பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 2015-இல் உள்ளூர்ப் பயிற்சியாளர் தெஹினா ரோட்டா அப்பணியைத் தொடர்ந்தார். 2011 முதல் 2025 வரை எட்டு உலகக் கோப்பைகளில் ஒன்றைக்கூட டஹிட்டி தவறவிடவில்லை.

நடத்துவது வேறு, நிலைப்பது வேறு

செஷல்ஸின் மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம். ஆப்பிரிக்க மண்டலத்தில் கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பை நடைபெற்றது அதுவே முதல் முறை. தலைநகர் விக்டோரியாவில் 16 அணிகள் மோதின. போட்டியை நடத்தும் நாடு என்ற அடிப்படையில் இடம்பெற்ற செஷல்ஸ், முதல் சுற்றைத் தாண்டவில்லை.

அந்த நாட்டுக்கு முன்னால் இரு முன்னுதாரணங்கள் உள்ளன. முதலாவது டஹிட்டி, போட்டியை நடத்திய பின்னர் மேலும் உயர்ந்தது. இரண்டாவது பஹாமாஸ், 2017-இல் கரீபியன் பகுதியில் முதல் முறையாக இப்போட்டியை நடத்தியது. ஆனால், அதன் பிறகு 2025 வரை ஒருமுறைகூட தகுதி பெறவில்லை.

இவ்வேறுபாட்டுக்குத் திறமை மட்டுமே காரணமன்று. பஹாமாஸ் தனது மண்டலத்தின் இரு இடங்களுக்காக மெக்சிகோ, அமெரிக்கா, எல் சால்வடார் போன்ற அணிகளுடன் போட்டியிட வேண்டும். டஹிட்டிக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. செஷல்ஸின் நிலை பஹாமாஸின் நிலையை ஒத்தது. ஆப்பிரிக்காவில் செனகல், எகிப்து, மொராக்கோ, மொரிட்டானியா போன்ற அணிகளைக் கடந்தால்தான் மீண்டும் உலகக் கோப்பைக்குச் செல்ல முடியும். எனவே விக்டோரியாவில் எழுப்பப்பட்ட அரங்கம் எத்தனை சர்வதேச ஆட்டங்களுக்குப் பயன்படப் போகிறது என்பதே அந்நாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.

இந்தியாவுக்கு உள்ள பாடம்

இக்கேள்வி இந்தியாவுக்கும் புதிதன்று. 2024 ஜனவரியில் டியூவின் கோக்லா கடற்கரையில் நடைபெற்ற கடற்கரை விளையாட்டுப் போட்டிகளில், கடற்கரைக் கால்பந்துக்கான தங்கப் பதக்கத்தை வென்றது லட்சத்தீவு அணி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 64,473 மட்டுமே. அதே போட்டிகளில் ஒட்டுமொத்த சாம்பியன் பட்டம் பெற்றதோ, கடற்கரையே இல்லாத மத்தியப் பிரதேசம். பசிபிக்கிலும் ஐரோப்பாவிலும் காணப்பட்ட இரு உண்மைகளும் ஒரே கடற்கரையில் ஒரே வாரத்தில் வெளிப்பட்டன.

தேசிய கடற்கரைக் கால்பந்து சாம்பியன்ஷிப் 2023-இல் சூரத்தில் நடத்தப்பட்டது. கேரளம் பட்டம் வென்றது. 2025 மார்ச்சில் தாய்லாந்தில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் இந்தியா பங்கேற்றது. 2007-க்குப் பிறகு இந்தியா அப்போட்டியில் ஆடியது அதுவே முதல் முறை. முதல் சுற்றுடன் வெளியேறியதில் வியப்பில்லை. 18 ஆண்டு இடைவெளியை ஒரே தொடரில் நிரப்பிவிட இயலாது.

வாய்ப்பும் வழக்கமும்

தீவு நாடுகளின் அனுபவம் தெளிவாக உணர்த்துவது இதுதான்: மணல் சமவாய்ப்பை மட்டுமே தருகிறது; அந்த வாய்ப்பைத் தகுதியாக மாற்றுவது இடைவிடாத ஆட்டங்களே. டஹிட்டிக்கு அது கிடைத்தது. சாலமன் தீவுகளுக்குப் பாதி வழியில் நின்றுபோனது. ஓசியானியா தொடர் 2019-இலும் 2023-இலும் மீண்டும் நடத்தப்பட்டது நம்பிக்கை அளிக்கும் மாற்றம்.

ஆயினும், ஒரு மண்டலம் முழுமைக்கும் ஒரே ஓர் இடம் என்ற நிலை நீடிக்கும் வரை, பசிபிக் தீவுகளில் ஏதேனும் ஒன்றுக்கு மட்டுமே உலக மேடை திறந்திருக்கும். தகுதி பெறாத தீவுகளும் ஆண்டுதோறும் ஆடுவதற்கு வழிசெய்யும் மண்டலத் தொடர்கள், அவற்றுக்கான பயணச் செலவில் உதவி ஆகிய இரண்டுமே உடனடித் தேவைகள். இவை கிடைக்காவிடில், டஹிட்டியின் கதை மற்ற தீவுகளுக்கு முன்மாதிரியாக அமையாமல் விதிவிலக்காகவே எஞ்சிவிடும்.