யார் இந்த வெளியாள்?

கலை விமர்சகக் கனவான்கள் ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள்: 'வெளியாள் கலை'. 1972-ல் ரோஜர் கார்டினல் எழுதிய நூலின் தலைப்பாக வந்த சொல் இது. கலைப்பள்ளியில் கால் வைக்காதவன் படைத்தால் அவன் வெளியாளாம்! எதற்கு வெளியே?

சண்டிகரைப் பாருங்கள். லெ கார்பூசியேயின் இந்நகரை நவீனக் கட்டடக்கலையின் சிகரம் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அது எழும்ப எத்தனை கிராமங்கள் இடிபட்டன! பிரிவினையில் ஊரை இழந்து வந்த நேக் சந்த், அந்நகரின் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1957 வாக்கில் தொடங்கி, வேலை நேரம் போக, உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் இடிபாடுகளிலிருந்து பொறுக்கிச் சைக்கிளில் சுமந்து வந்தார். நகரின் விளிம்புக் காட்டில் ஒரு சிலை ராஜ்யத்தையே எழுப்பினார். அரசாங்க நிலம், ஆகவே திருட்டுத்தனமாக, ஏறக்குறைய 18 ஆண்டுகள்!

கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்கத்தான் பார்த்தார்கள். சட்டம் அப்படி! மக்களோ திரண்டு வந்து ரசித்தார்கள். எந்த 'இஸம்' என்று அவர்கள் கேட்கவில்லை. 1976-ல் பூங்கா திறக்கப்பட்டது. 1984-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

நகரை நிர்மாணித்த துறையின் ஊழியர், அந்நகரின் குப்பையாலேயே படைத்தவர், அவரா வெளியாள்? ஐரோப்பிய நவீன ஓவியர்கள் ஆப்பிரிக்க முகமூடிகளிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். புகழ் எடுத்தவர்களுக்கு, முகமூடி செதுக்கியவனுக்குப் பெயரே இல்லை.

பூங்கா திறந்தபின் நேக் சந்துக்குச் சம்பளமும் உதவிக்குச் சுமார் 50 தொழிலாளர்களும் தரப்பட்டனர். அந்த 50 பேரின் பெயர்களை நாம் படித்த கட்டுரைகளில் காணோம்.