மேடையில் அரக்கன்... மடியில் குழந்தை!

"அம்மா, அது நிஜமாவே வருமா?"

லண்டன் லிரிக் தியேட்டரில் 'க்ரஃபலோ' நாடகம் தொடங்கி விளக்குகள் மங்கும்போது, ஏதோ ஒரு வரிசையிலிருந்து இப்படி ஒரு குரல் கேட்கும். கேட்பவருக்கு வயது மூன்று அல்லது நான்கு. வாழ்க்கையில் அவர் பார்க்கும் முதல் நாடகமாகக்கூட அது இருக்கலாம். வரப்போவதோ கொம்பும் நகமும் கோரைப்பல்லும் கொண்ட அரக்கன். பயம் வராமல் இருக்குமா?

5 நிமிடக் கதை, 55 நிமிட நாடகம்

ஜூலியா டொனால்ட்சன் எழுதி, ஆக்ஸல் ஷெஃப்லர் படம் வரைந்த 'க்ரஃபலோ' 1999-ல் வெளியான படக்கதைப் புத்தகம். காட்டில் நடந்துபோகும் சுண்டெலியை நரி, ஆந்தை, பாம்பு மூன்றும் தின்னப் பார்க்கின்றன. 'நான் க்ரஃபலோவைப் பார்க்கப் போறேன்' என்று இல்லாத அரக்கனைச் சொல்லி எலி தப்பிக்கிறது. கடைசியில் பார்த்தால், அந்த அரக்கனே எதிரில் வந்து நிற்கிறான்! அவனையும் எலி புத்தியாலேயே விரட்டுகிறது.

சிங்கத்தைக் கிணற்றில் குதிக்கவைத்த முயலின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது தூரத்துச் சொந்தம் மாதிரிதான். உண்மையில் இதன் வேர், ஒரு சிறுமி புலியை ஏமாற்றும் சீன நாட்டுப்புறக் கதை. ஆங்கிலத்தில் 'டைகர்' என்ற சொல்லுக்கு இயைபு சரியாக அமையாததால், டொனால்ட்சன் புதிதாக உருவாக்கிய விலங்குதான் க்ரஃபலோ.

'டால் ஸ்டோரீஸ்' என்ற பிரிட்டிஷ் நாடகக் குழு 2001-ல் இதைப் பாட்டோடு மேடைக்குக் கொண்டுவந்தது. நடிகர்கள் மூன்றே பேர். நரி, ஆந்தை, பாம்பு மூன்றாகவும் வருவது ஒரே நடிகர்! நடுவில் இடைவேளை கிடையாது. 3 வயதிலிருந்து பார்க்கலாம்.

புத்தகத்தை மூடலாம்... மேடையை?

வீட்டில் கதை கேட்கும்போது பயமாக இருந்தால், குழந்தை புத்தகத்தை டப்பென்று மூடிவிடும். மேடையை அப்படி மூட முடியாது. இருட்டு, பெரிய சத்தம், சுற்றிலும் தெரியாத முகங்கள். நிஜத்துக்கும் நடிப்புக்கும் நடுவே உள்ள கோடு அந்த வயதில் இன்னும் உறுதியாக விழுந்திருக்காது. அதனால் அழுகை வருவது இயல்பு.

"இவ்வளவு காசு குடுத்து டிக்கெட் வாங்கியிருக்கோம், பேசாம உட்காரு" என்று அதட்டினால், அன்றைக்கு அழுகை நிற்கலாம். ஆனால், நாடகக் கொட்டகை என்றாலே திட்டு வாங்கும் இடம் என்பது குழந்தையின் மனதில் தங்கிவிடும்.

முடிவு தெரிந்தால் தைரியம் வரும்

படத்தின் முடிவை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். குழந்தைகள் அப்படியில்லை. தெரிந்த கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். 'எலி தப்பிச்சிடும்' என்று தெரிந்த குழந்தை, அரக்கன் எப்போது வருவான் என்று காத்திருக்கும். அதனால், போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே புத்தகத்தை வாசித்துக் காட்டுங்கள்.

"க்ரஃபலோ வரும்டா கண்ணு. ஆனா உள்ளே ஒரு அண்ணன்தான் டிரஸ் போட்டுக்கிட்டு நடிப்பார்" என்று சொல்லிவையுங்கள். நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள். ஆரம்பிக்கும் முன்பே பாத்ரூம் போய் வந்துவிடுங்கள். அழுதால், தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். தண்ணீர் கொடுத்து, "உள்ளே எலி என்ன பண்ணுதுனு பார்க்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் திரும்பிப் போகலாம். வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போகலாம். அதில் ஒரு தோல்வியும் இல்லை.

விளக்கு அணையாத காட்சி

சில குழந்தைகளுக்கு இதெல்லாம் செய்தும் முடியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் திடீர் சத்தமும் இருட்டும் தாங்க முடியாத வேதனையாக இருக்கலாம். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூசியே பல குடும்பங்கள் இத்தகைய இடங்களைத் தவிர்த்துவிடுகின்றன.

அவர்களுக்காகவே பிரிட்டனின் பல அரங்குகளில் 'ரிலாக்ஸ்டு' காட்சிகள் நடக்கின்றன. விளக்குகளை முழுவதும் அணைக்க மாட்டார்கள். சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். குழந்தை எழுந்து நடக்கலாம், குரல் எழுப்பலாம், வெளியே போய்த் திரும்பலாம். யாரும் 'உஷ்' சொல்ல மாட்டார்கள். இந்தக் காட்சிக்கு வர மருத்துவச் சான்று தேவையில்லை. முதல்முறையாக வரும் துறுதுறு வாண்டுகளுக்கும் இது ஏற்ற இடம்.

பேரனையோ பேத்தியையோ பார்க்க லண்டன் போகும் தாத்தா, பாட்டிகளும் தாராளமாக உடன் போகலாம். நாடகத்தின் ஆங்கிலம் முழுவதும் புரிய வேண்டியதில்லை, கதை தெரிந்தால் போதும்.

நாடகம் முடிந்ததும், "என்ன புரிஞ்சது, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள். அரங்கில் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அதே குழந்தை, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஹாலுக்குள் உறுமிக்கொண்டே வரலாம்.

அப்போது எலியாக நடிக்க வேண்டியது தாத்தாதான்!