கரண்டியின் எடையும் கழுவும் தண்ணீரின் எடையும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையோரமாக இரண்டு மூன்று நாள் நடந்து, இரவில் கூடாரம் அடித்துத் தங்கிவரும் இளைஞர்கள் இப்போது அதிகம். ஆலங்குடா, தலவில, கண்டக்குழி என்று போகிறார்கள். புறப்படுமுன் அவர்கள் விசாரிப்பவற்றில் ஒன்று சாப்பாட்டுச் சாமான். டைட்டேனியம் கரண்டி வாங்கலாமா, அலுமினியத் தட்டு போதுமா, மடக்குக் கரண்டி நல்லதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கடற்கரை மணலில் நடப்பவருக்கு முதுகில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். ஆனால் இந்தக் கரையில் அந்தக் கணக்கைத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புத்தளம் உலர்வலயம். குடாநாட்டின் ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். நடுவே மணலுக்கடியில், உப்புநீரின் மேலே மெல்லிய நன்னீர்ப் படை ஒன்று தங்கி நிற்கிறது. கிணறுகளும் தோட்டங்களும் அதைத்தான் இறைக்கின்றன. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் இடுகிற உரம் மணலூடே சுலபமாகக் கீழிறங்கிவிடுவதால், இங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ.

இனிக் கணக்கைப் பாருங்கள். வீட்டில் சாப்பிடும் சில்வர் கரண்டி நாற்பது, ஐம்பது கிராம் வரும். டைட்டேனியம் கரண்டி இருபது கிராமுக்குள் அடங்கும். மிச்சம் ஏறத்தாழ 30 கிராம், அதாவது ஒரு மிடறு தண்ணீர். அதே நேரம், தேங்காய்ப்பால் கறியும் எண்ணெயும் பட்ட ஒரு தட்டைப் பிசுக்குப் போகக் கழுவ அரை லீற்றராவது செலவாகும். இரண்டு பேர், ஆளுக்கொரு தட்டு, மூன்று வேளை என்றால் மூன்று லீற்றர். தட்டு எவ்வளவு இலேசானதாக இருந்தாலும் அதைக் கழுவவென்று மூன்று கிலோவைத் தூக்குகிறோம். அதனால் நான் முதலில் சொல்வது: தட்டை வீட்டில் விட்டுவிடுங்கள். சமைத்த சட்டியிலிருந்தே சாப்பிடுங்கள்.

இது நம்மவர்களுக்குப் புதிதுமில்லை. புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் விருந்தென்றால் சஹன்தான். பெரிய தாம்பாளம் ஒன்றைச் சுற்றி ஐந்தாறு பேர் நிலத்தில் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். நடைப்பயணக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. கழுவ ஒரே ஒரு பாத்திரம். கூடவே, யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்பதும் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

கையால் சாப்பிடுகிறவர்களுக்குக் கரண்டி எதற்கு என்ற கேள்வி இங்கே வரும். சோறு கறிக்குக் கையைவிட நல்ல கருவி இல்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கையால் உண்பதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். நாள் முழுக்க மணலும் வியர்வையும் சன்கிறீமும் பட்ட கை அது. அந்தத் தண்ணீரையும் நாம்தான் சுமக்கிறோம். கரண்டி கையிலிருந்தால் உள்ளங்கையளவு நீரில் காரியம் முடிந்துவிடும். பாண், ரொட்டி, கட்டச்சம்பல் போன்ற உலர்ந்த சாப்பாட்டைக் கையாலும், கஞ்சி, நூடில்ஸ், சொதி போன்றவற்றைக் கரண்டியாலும் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

எந்தக் கரண்டி? ஒரு கன சென்ரிமீற்றர் துருவேறா உருக்கு ஏறத்தாழ 8 கிராம், டைட்டேனியம் 4.5, அலுமினியம் 2.7. எடையை மட்டும் பார்த்தால் அலுமினியம் வென்றுவிடும். ஆனால் உப்பும் புளியும் அதற்குப் பகை. கொறுக்காப்புளி போட்ட மீன்கறி, தேசிக்காய் பிழிந்த சம்பல், கடல்நீரில் அலசல் என்று மாறி மாறிப் பட்டால் வெறும் அலுமினியத்தில் சிறு குழிகள் விழும். சாப்பாட்டிலும் உலோகச் சுவை ஏறும். சூட்டையும் மிக வேகமாகக் கடத்துவதால், அலுமினியக் கோப்பையில் பிளேன்டீ குடிப்பவர் உதடு சுடாமல் தப்புவது அரிது. டைட்டேனியத்துக்கு இந்தக் குறை இரண்டும் இல்லை. கடலுப்பு அதை ஒன்றும் செய்யாது. குறை விலை மட்டுமே, அந்த விலையில் மிஞ்சுவதோ மேலே சொன்ன ஒரு மிடறு. சமையலறைச் சில்வர் கரண்டிகளில் மெல்லியதாகப் பார்த்து ஒன்றை எடுத்துப் போங்கள். பைக்கற்றுக்குள்ளேயே வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் பழக்கமுள்ளவர்கள் மட்டும் காம்பு நீண்டதாகத் தேடினால், விரல் மூட்டு வரை குழம்பு ஒட்டாது.

மடக்குக் கரண்டியை இந்தக் கரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆணி பூட்டிய மூட்டுக்குள் முதல் நாளே மணல் போய்விடும். அடுத்து சோற்றுப்பசை. பிறகு உப்புக்காற்று இரண்டையும் சேர்த்து இறுக்கிவிடும். அந்த இடுக்கைக் கழுவவும் முடியாது. கரண்டியின் நுனியில் முள் வைத்துச் செய்வதும் நம் சாப்பாட்டுக்குத் தேவையில்லை. சொதி பல்லிடுக்கால் வழியும், சட்டியின் அடியை வழிக்கவும் உதவாது. அதற்குப் பதில் குழுவுக்கு ஒரு சிறு கத்தி போதும்.

பிளாஸ்ரிக் என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, தட்டு, ஸ்ட்ரோ ஆகியவற்றை இலங்கை 2023 ஒக்ரோபர் 1 முதல் தடைசெய்தது. யோகட் கரண்டியும் இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. பழைய கையிருப்பு எங்காவது கிடைத்தாலும் வாங்காதீர்கள். கொழும்பின் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவருவதை எதிர்த்து 2018இலும் 2019இலும் புத்தளத்து மக்கள் வீதியில் நின்றார்கள். அந்த மண்ணுக்கு நடக்க வருகிறவர்கள் தங்கள் பங்குக்கும் குப்பை போட்டுவிட்டுப் போவது மனதை உறுத்துகிறது. திரும்பத் திரும்பப் பாவிக்கும் தடித்த டப்பா வேறு கதை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருந்தால் அது பொலிபுரொப்பிலீன்; வெந்நீர்ச் சூட்டைத் தாங்கும், அடுப்பில் மட்டும் வைக்கக் கூடாது. 6 என்றிருந்தால் பொலிஸ்ரைரீன். கொதிநீர்ச் சூட்டில் இளகத் தொடங்கும். மூடியுள்ள ஐஸ்கிறீம் டப்பாவில் 5 இருந்தால், காசில்லாமல் கிடைத்த நல்ல கிண்ணம் அது.

கிண்ணம் என்று சொல்லக் காரணம் காற்று. மே முதல் ஒக்ரோபர் வரை இங்கே வீசும் காற்றை நம்பித்தான் கைட் சேர்ஃபிங் செய்கிறவர்கள் கடல்கடந்து வருகிறார்கள். அந்தக் காற்றில் தட்டையான தட்டு மணலை வாரி ஏந்திக்கொள்ளும். பாக்குமட்டைத் தட்டும் கடதாசித் தட்டும் சாப்பாடு குறையக் குறையக் கிளம்பிவிடும். ஆழமானதும் மூடி உள்ளதுமான எதுவும் இங்கே மேல். தனியே நடப்பவர் 500 மில்லிலீற்றர் அளவுள்ள ஒற்றைச் சுவர்க் கோப்பை ஒன்றை வைத்துக்கொண்டால், அதிலேயே தண்ணீர் கொதிக்க வைக்கலாம், தேநீர் குடிக்கலாம், கஞ்சியும் குடிக்கலாம். சூடு ஆறாத இரட்டைச் சுவர்க் கோப்பையை அடுப்பில் ஏற்ற முடியாது.

பனையோலையில் மடித்த பிளாவில் கூழ் குடித்தவர்களுக்குத் தெரியும், அதைவிட இலேசான கிண்ணம் இல்லை. கழுவும் வேலையும் இல்லை. ஓலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், பிறர் வளவில் வெட்டாதீர்கள். தென்னை நாடாகிய இங்கே சிரட்டைக் கரண்டிக்கும் குறைவில்லை, சூடும் கடத்தாது. ஆனால் அதன் நார்த்துளைகள் எண்ணெயை உறிஞ்சும். ஈரத்தோடு பையில் போட்டால் இரண்டாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாக வெயிலில் உலர்த்தத் தயாராக இருந்தால் மட்டும் எடுத்துப் போகலாம்.

கழுவும் முறையிலும் மிச்சம் பிடிக்கலாம். சாப்பிட்ட உடனே, காயுமுன், பாண் துண்டால் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். பிறகு ஒரு பிடி உலர்ந்த மணலும் தேங்காய்த் தும்பும் பிசுக்கை எடுத்துவிடும். சவர்க்காரம் வேண்டாம், களப்பில் அதைக் கரைக்கவும் வேண்டாம். உருக்கும் டைட்டேனியமும் மணலைத் தாங்கும். ஒட்டாப்பூச்சுப் பாத்திரம் ஒரே நாளில் கீறி வீணாகும், அதற்குத் தும்பு மட்டும். கடல்நீரில் அலசி, கடைசியில் ஒரு கோப்பை நன்னீர் ஊற்றி உப்பைப் போக்கிவிட்டால் போதும். நைத்திரேற்றுள்ள கிணற்றுநீரும் இதற்கு ஆகும்.

இதெல்லாம் முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் தலவில சாந்த அன்னம்மாள் திருவிழாவுக்கு வான் பிடித்துக் குடும்பமாக வந்து நாட்கணக்கில் தங்குகிறவர்கள் வீட்டுச் சில்வர் தட்டையும் பெரிய சட்டியையும் தாராளமாகக் கொண்டுவரலாம். அவர்களுக்கு எடை ஒரு பொருட்டல்ல. தண்ணீர் கேனில் மட்டும் ஒன்றைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளட்டும்.