உதட்டுச்சாயக் கைபேசி

தீப்பெட்டி வாங்குவோர் கண்ணில் முதலிற் படுவது குச்சியன்று, பெட்டியின்மேல் ஒட்டிய படமே. அத்தாளைச் சிவகாசியார் லேபிள் என்று வழங்குவர். அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922 இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923 இல் ஊர் மீண்டு அதனைத் தொடங்கினர். பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. இன்று அவ்வூர் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்றிருப்பது போலவே அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்றிருப்பது இவ்வாறு வந்ததே. ஆகவே, ஒரு பொருளின் புறவழகைப் பற்றிக் கருத்துரைக்க விருதுநகர் மாவட்டத்தார்க்கு உரிமை உண்டு என்று கூறினால் மிகையாகாது.

அவ்வுரிமை பற்றியே ஈண்டு ஒரு கைபேசியைக் குறித்துச் சில கூறப் புகுந்தோம். பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் 2004 இல் 7280 என்னும் எண்ணிட்ட கைபேசி ஒன்றை வெளியிட்டது. 115 மில்லிமீட்டர் நீளமும் 32 மில்லிமீட்டர் அகலமும் உடையதாய்க் கறுப்பு, வெள்ளை, சிவப்பு நிறங்கள் கலந்து விளங்கிய அதனை மக்கள் உதட்டுச்சாயக் கைபேசி என்று அழைத்தனர். திரை அணைந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியாகும். 1920 களின் மேனாட்டு ஒப்பனையை நினைவூட்டுமாறு அது வகுக்கப்பட்டதாம். (அதே பத்தாண்டில் நம் சிவகாசியார் குச்சிக்கு மருந்து தோய்க்கக் கற்றுக்கொண்டிருந்தனர்!) பார்ச்சூன் என்னும் அமெரிக்க இதழ் அவ்வாண்டின் சிறந்த பொருள்களுள் ஒன்றாக அதனை எடுத்துரைத்தது.

ஆனால் அதில் எண் பொத்தான்கள் இல்லை. ஓர் எண்ணை அழைக்க வேண்டின், ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி ஒவ்வோர் இலக்கமாகத் தேடிப் பொறுக்க வேண்டும். செய்தி எழுதுவதற்கும் அவ்வாறே ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டும். பொத்தான்கள் வடிவின் அழகைக் கெடுக்கும் என்று கருதினர் போலும்.

இதனைக் கண்டு, ஆடம்பரப் பொருள், வீண் பகட்டு என்று இகழ்ந்தோர் பலர். நாம் அவரோடு உடன்படோம். பகட்டு ஒரு குற்றமாயின் சிவகாசி அச்சகங்களிற் பாதியை மூடவேண்டி வரும். பூவாணத்தின் மேலுறையிலும் நாட்காட்டியிலும் வண்ணம் குழைத்தே நம் மக்கள் பலர் உண்டு உடுத்து வாழ்கின்றனர். எனினும் ஒரு தீப்பெட்டியை உற்று நோக்குக. படம் எத்துணை அழகியதாயினும், குச்சியை உரசும் மருந்துப் பட்டையின்மேல் லேபிளை ஒட்டுவார் எவருமிலர். அழகுக்கு இடம் உண்டு. அவ்விடம் பக்கவாட்டுப் பட்டையை விட்டு நின்ற இடமே. நோக்கியா 7280 இல் லேபிளானது பட்டையை மூடிவிட்டது. அதுவே அதன் குறை. பின்னர் வந்த 7380 இலும் அக்குறை நீங்கவில்லை.

அழகும் பயனும் ஒருங்கு நில்லா என்பார்க்கு, அதே 2004 இல் வந்த மோட்டொரோலா ரேசர் விடையாகும். மடக்கினால் 13.9 மில்லிமீட்டர் தடிப்பே உடைய அதுவும் ஒப்பனைப் பொருளாகவே உயர்ந்த விலையில் அறிமுகமாயிற்று. எனினும் அதன் எண் பொத்தான்களை நீக்காது, உலோகத் தகட்டிலேயே அழகுற அமைத்தனர். பின்னர் விலை குறைந்தபோது உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்றது.

நிற்க. நம் பக்கத்துப் பெண்டிர் கையில் அக்காலத்து இருந்தது யாது? 2003 இல் வந்த நோக்கியா 1100 என்பதே பலர் கையில் இருந்தது. அதன் எடை 86 கிராம். உதட்டுச்சாயக் கைபேசியின் எடை 84 கிராம். எடையில் ஏறத்தாழ ஒன்றாகிய அவ்விரண்டும் கருத்தில் எத்துணைத் தொலைவு! 1100 இல் ஒளிப்படக் கருவி இல்லை, வண்ணத் திரை இல்லை. தூசி புகாத பொத்தான் பரப்பும், வியர்த்த கையினின்று வழுவாத பக்கங்களும், தலையில் ஒரு டார்ச் விளக்கும் இருந்தன. விடியுமுன் எழுந்து, தீப்பெட்டி ஆபீசுக்கும் பயராபீசுக்கும் செல்லும் பேருந்தை நோக்கி நடக்கும் பெண்ணுக்கு அவ்விளக்கு வேண்டியிருந்தது. மின்வெட்டு மிகுந்த ஆண்டுகளில் வீட்டினுள்ளும் வேண்டியிருந்தது. 2003 மே முதல் நாள் தொட்டு வரும் அழைப்புக்குக் கட்டணமும் இல்லாதொழிந்தமையால், காசு குறைந்தவரும் கைபேசி வைத்திருத்தல் இயன்றது. உலகில் இருபத்தைந்து கோடி 1100 கள் விற்றன என்பர்.

இவ்விடத்தில் நம் கருத்துக்கு ஒரு தடை எழலாம். ஏழைப் பெண்ணுக்குப் பயனே போதும், அழகு செல்வர்க்கு உரியது என்று நாம் சொல்வதாகச் சிலர் கொள்ளக்கூடும். அன்று. 1100 இன் மேலுறையைக் கழற்றி வேறு நிற உறை மாட்டலாம். மதுரையிலும் விருதுநகரிலும் சாத்தூரிலும் கடைதோறும் பச்சை, சிவப்பு, ஊதா உறைகள் தொங்கின. அவற்றை விரும்பி வாங்கியோர் செல்வர் அல்லர். அழகை அவர்கள் தாமே தேர்ந்து ஒட்டிக்கொண்டனர். பெண்மைக்கு அடையாளம் கண்ணாடியும் உதட்டுச்சாயமுமே என்று தொலைவிலிருந்து ஒருவர் முடிவு செய்து கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு அன்றோ? அவளுக்கு எண் அழுத்த வேண்டிய தேவை இராது என்ற எண்ணமும் அம்முடிவினுள் மறைந்திருந்ததோ என்னும் ஐயம் நமக்கு உண்டு.

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவிய ஆலை 2006 இல் உற்பத்தி தொடங்கி, 2014 நவம்பர் முதல் நாள் மூடப்பட்டது. அங்கு உறுப்புகளைக் கோத்தவருட் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளம்பெண்கள். கைபேசி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று அவர்களை ஒருவர் வினவியிருப்பின், உதட்டுச்சாயத்தின் வடிவைச் சொல்லியிருப்பார்களோ, சொல்லியிருக்க மாட்டார்களோ, நாமறியோம். எண் பொத்தானை எடுத்துவிடுக என்று மட்டும் சொல்லியிரார்.

பயராபீசில் தீப்பொறிக்கு இடந்தரும் எப்பொருளும் உட்செல்லலாகாது. ஆதலின் 1100 ஆயினும் 7280 ஆயினும் கைபேசி வாயிலிலேயே நின்றுவிடும். மாலையில் வெளிவந்தவுடன் வீட்டுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டியவள், வெடிமருந்துக் கறை படிந்த விரலால் அதனை எடுத்து அழுத்துவாள். அவ்விரலுக்கு ஏற்ற பொத்தானை அழகுற வடிக்க வல்லார் நம் கல்லூரி மாணவருள்ளும் இருத்தல் கூடும்.