கோச் எந்த ஊர்க்காரர்?

மும்பையில் சாயங்கால லோக்கலில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். விவாதத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. 2025 நவம்பர் 18-ந் தேதி டாக்காவில் நம் கால்பந்து அணி வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றது. மறுநாள் தாதரில் ஏறிய நாலு தமிழர்கள், வண்டி சயான் வந்து சேர்வதற்குள் இந்தியக் கால்பந்தின் தலைவிதியையே மாற்றி எழுதிவிட்டார்கள்.

"வெள்ளைக்கார கோச் வந்தால் ஒழிய இந்த ஆட்டம் உருப்படாது, அண்ணாச்சி" என்றார் ஓர் இளைஞர்.

"வெள்ளைக்காரன் வந்து என்னத்தைக் கிழிச்சான்? நம்ம ஆளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் விட்டுப் பாக்கணும் தம்பி" என்றார் அண்ணாச்சி.

மூன்றாமவர், கேரளாவில்தான் கால்பந்து உயிரோடு இருக்கிறது, மலையாளி ஒருவரைப் போட வேண்டும் என்றார். நாலாமவர் கல்கத்தாவில் சில வருஷம் வேலை பார்த்தவர். அவர் பெங்காலியை விட்டுக்கொடுப்பாரா? கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தோன்றியது. நாலு பேரும் நாலு விதமாகப் பேசினாலும், நாலு பேர் கேட்டதும் ஒரே கேள்விதான். கோச் எந்த ஊர்க்காரர்? என்ன செய்தார், எத்தனை நாள் செய்யவிட்டார்கள், எந்த வசதியை வைத்துக்கொண்டு செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியை வேறு யார் கேட்டாலும் கேட்கட்டும். மும்பைத் தமிழர்களாகிய நாம் கேட்கலாமா?

170 மனுக்கள்

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2025 ஜூலையில் ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் விலகினார். ஒரே ஆண்டுதான் இருந்தார். அவர் பொறுப்பில் இந்தியா ஆடிய 8 ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி. அந்த ஆண்டில் பெரும் பகுதி அவர் கோவா கிளப்புக்கும் பயிற்சியாளர். ஒரே ஆள், இரண்டு நாற்காலி. உலகத் தரவரிசையில் இந்தியா 133-வது இடத்துக்கு இறங்கியது.

காலியான இடத்துக்கு 170 மனுக்கள் வந்தன. அவற்றில் உலகப் புகழ் பெற்ற குவார்டியோலா, ஷாவி ஆகியோர் பெயரிலும் மனுக்கள் இருந்தன. ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். சில நாளில் அவை போலி என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனமே அறிவித்தது. ரசிகர்களின் ஆசை எந்த மட்டுக்கும் போகும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தது. முன்பே இரண்டு முறை இந்திய அணியை நடத்திய ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் முன்னாள் பயிற்சியாளர் தார்கோவிச், நம் காலித் ஜமில். ஆகஸ்ட் முதல் தேதி காலித் ஜமில் நியமிக்கப்பட்டார். 2012-க்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

மும்பைக்காரர்களுக்கு அவர் அந்நியர் அல்ல. பிறந்தது குவைத்தில். ஆடியது மகிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா என்று இந்த நகரத்து அணிகளில். மும்பை எஃப்.சி. அணிக்குப் பல வருஷம் பயிற்சியாளராக இருந்தார். யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத மிசோராம் அணியான ஐசால் எஃப்.சி.யை 2016-17-ல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். அவருடைய தகுதி அது. அவர் நம் ஊர்க்காரர் என்பது தகுதி அல்ல.

மூன்று மாதத்தில் மாறிய பேச்சு

ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த காஃபா நேஷன்ஸ் கோப்பையில் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமனை டைபிரேக்கரில் வீழ்த்தினோம். "பார்த்தாயா, நம்ம ஆள்!" என்று மார்தட்டினோம். அக்டோபர் 14-ந் தேதி கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இழந்தோம். நவம்பரில் டாக்கா. வங்கதேசத்திடம் நாம் தோற்றது 22 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் தடவை. "அப்போதே சொன்னேனே, வெள்ளைக்காரன்தான் சரி" என்று பேச்சு மாறியது. ஆளும் அதே ஆள், அணியும் ஏறக்குறைய அதே அணி. மாறியது நம் நாக்கு மட்டுமே.

தோல்விக்கு அவர் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கோவாவில் முதலில் கோல் போட்டது நாம்தான். முன்னிலையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டதற்குப் பயிற்சியாளர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் சொல்ல வேண்டிய பதில் எது, மற்றவர்கள் சொல்ல வேண்டிய பதில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

அந்த வருஷம் ஐ.எஸ்.எல். போட்டி எப்போதும் போல செப்டம்பரில் தொடங்கவில்லை. சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதாக இருந்தது, புதுப்பிக்கப்படவில்லை. சில கிளப்கள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. லீக்கில் ஆடி உடம்பைத் தயார் செய்ய வேண்டிய நேரத்தில் ஆட்டக்காரர்கள் வீட்டில் இருந்தார்கள். ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால், சிக்னல் விழாத இடத்தில் மோட்டார்மேனை மாற்றி என்ன பயன்?

பத்து கோல் வாங்கியவர்

பழைய கதை ஒன்று. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று நொறுக்கியது. அந்த அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். இன்றைக்கு இருந்தால் அவரை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக விட்டிருப்போமா?

இடையே சில போட்டிகளுக்கு வேறு பேர் வந்தாலும், அந்தத் தோல்வியோடு ரஹீமின் கதை முடியவில்லை. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அவர் பயிற்சியில் இந்தியா நாலாம் இடம் பெற்றது. நம் பம்பாய் ஆட்டக்காரர் நெவில் டிசூசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டது அங்கேதான். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. தலையில் அடிபட்டிருந்த தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன் வரிசையில் நிறுத்தினார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். ஒரு கோல் அந்த ஜர்னைல் சிங் போட்டது. இன்னொன்று கிழக்கு ரயில்வே ஆட்டக்காரர் பி.கே. பானர்ஜி போட்டது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கியதே இல்லை. அடுத்த ஆண்டு புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோய்விட்டது.

பத்து கோல் தோல்விக்கும் தங்கப் பதக்கத்துக்கும் இடையே பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளை இன்று யாருக்குக் கொடுக்கிறோம்?

பாலராமனும் சைமனும்

அந்த 1962 அணியில் துளசிதாஸ் பாலராமன் ஆடினார். தமிழ்ப் பெற்றோருக்கு செகந்திராபாத் பக்கம் பிறந்தவர். பிழைக்கப் போன இடத்தில் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல. ஹைதராபாத்தில் ரஹீமின் கண்ணில் பட்டார். கல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் கண்மணி ஆனார். "நீ எந்த ஊர்?" என்று ரஹீம் கேட்டிருந்தால் பாலராமன் ஏது?

இன்னொருவர் சைமன் சுந்தரராஜ். தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல் அது. இவர் பிற்பாடு கேரள அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம். கேரளா 3-2 என்று வென்று முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியது. தோற்றது எங்கள் ரயில்வே அணிதான்! அந்தக் கேரள வெற்றிக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தமிழர். அவரை மலையாள நாட்டு ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். "மலையாளி கோச்தான் வேண்டும்" என்று அன்றைக்கு அவர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால்?

இந்த நகரத்துக்கு வந்த நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1960-களின் பிற்பகுதியில் "வேலை உள்ளூர்க்காரனுக்கே" என்ற கோஷம் இங்கே தென்னிந்தியருக்கு எதிராகக் கிளம்பியது. டைப்பிஸ்டும் கிளார்க்கும் ஓட்டல்காரரும் அன்று பட்டது கொஞ்சமல்ல. அப்போது நாம் சொன்ன பதில் என்ன? "ஊரைப் பார்க்காதே, வேலையைப் பார்." அந்த நியாயம் நமக்கு மட்டும்தானா? கோச்சுக்கு இல்லையா? "வெள்ளைக்காரன் வேண்டாம்" என்பதும் "நம்ம ஆள் வேண்டாம்" என்பதும் ஒரே காசின் இரண்டு பக்கங்கள்தான். இரண்டுமே ஆளின் வேலையைப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டார் விஷயத்திலும் அப்படித்தான். 2015-ல் கான்ஸ்டன்டைன் இரண்டாம் முறை வந்தபோது இந்தியா 173-வது இடம் வரை சரிந்தது. அவரை விட்டுவைத்தார்கள். 2017 ஜூலையில் 96-வது இடத்துக்கு ஏறினோம். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம். பக்ரைனிடம் கடைசி நேர பெனால்டியில் வெளியேறியதும் அவர் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த குரோஷியாக்காரர் ஸ்டிமாச் ஐந்து ஆண்டு இருந்தார். 2024 ஜூனில் ஒப்பந்தம் முடியும் முன்பே நீக்கப்பட்டார். ஏறியதும் வெளிநாட்டார் காலத்தில், இறங்கியதும் வெளிநாட்டார் காலத்தில். ஊரில் என்ன இருக்கிறது?

பணமும் நேரத்துக்கு ஈடாகாது

கோச்சைத் தூக்கி எறிவது நம் நாட்டு வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு ஃபுட்பால் நடக்கிறது. நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அங்கே கோச் பதவி காலியானால் ஊரே பெயர்களை வைத்துச் சண்டை போடும். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற கோச்சை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு அத்தனை பணம்! கொழுத்த பல்கலைக்கழகம் அதைத் தாங்கும். மைதானத்துக்குப் புல் போட முடியாத நம் ஜில்லா சங்கங்கள் இருக்கும் நாட்டில், அவசர நீக்கம் ஆடம்பரம்.

அதற்காக ரசிகன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்ராயம் அல்ல. டிக்கெட் வாங்குகிறவன் பேசத்தான் செய்வான், பேசவும் வேண்டும். ஆனால் பேச வேண்டியதைப் பேச வேண்டும். புதிதாக ஒரு பெயர் அடிபடும்போது மூன்று விஷயம் கேட்போம். இதற்கு முன் சின்ன அணியை வைத்துக்கொண்டு என்ன சாதித்தார்? எத்தனை ஆண்டு ஒப்பந்தம், அதை மதிப்பார்களா? அவர் கையில் கொடுக்கப்போகும் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்தில் எத்தனை மாதம் லீக் ஆட்டம் இருக்கும்? மூன்றாவது கேள்விக்குச் சம்மேளனம்தான் பதில் சொல்ல வேண்டும். கோச்சை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

சயானில் அண்ணாச்சி இறங்கும்போது அந்த இளைஞரிடம், "சரி தம்பி, நாளைக்குப் பேசுவோம்" என்றார். பேசட்டும். வண்டியில் சத்தம் இருக்கும் வரை கால்பந்து சாகாது. ஆனால் நாளைக்கு அந்த நாலு பேரும் ஊர் பெயரை விட்டுவிட்டு வேலைக் கணக்கைப் பேசினால், அதே வண்டியில் நின்று வரும் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும்.